தொண்டும் தரகும்

பொதுத் தொண்டில் ஈடுபடும் வியாபாரிக்கு வியாபாரம் வளர்கிறது, இது கண்கூடு. வீடு, நிலம் விற்றுத் தரும் தரகருக்கோ இது இன்னும் அதிகம் பொருந்தும். அப்படியானால் அவர் செய்வது தொண்டா, வியாபாரமா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே.

வளர்ச்சிக்குக் காரணம் எளிது. ஜவுளியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். அரிசியை வாயில் போட்டுப் பார்க்கலாம். வீட்டை அப்படிச் சோதிக்க இயலாது. பட்டாவில் என்ன நிபந்தனை, மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதெல்லாம் தரகரின் வாயிலிருந்து வரவேண்டியவை. ஆயுளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ நடக்கும் வியாபாரம். ஏமாந்தால் அடுத்த முறை வேறு கடைக்குப் போகலாம் என்பதற்கில்லை. ஆகவே ஜனங்கள் தெரிந்த முகத்தைத் தேடுகிறார்கள். கந்தூரிக்கு வந்த அரிசி மூட்டைகளுக்குக் கணக்கு எழுதியவர், மய்யித்து வீட்டில் இரவெல்லாம் நின்றவர் இவர்தான் என்றால் விளம்பரப் பலகை எதற்கு?

இந்த லாபத்தை எண்ணியே ஒருவர் தொண்டுக்கு வந்தால்? புகாரி ஷரீபின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியதுதான். ஆனால் பிறர் நிய்யத்தை எடைபோடும் தராசு நம் கையில் இல்லை. லாபத்தை எண்ணி வந்த கையும் சேற்றை அள்ளத்தான் செய்கிறது. அவர் என்ன எண்ணத்துடன் உள்ளே வந்தார் என்பதைவிட, எதை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார் என்பதே என் கவலை.

நம் ரிங்லெட்டையே பாருங்கள். 2013 அக்டோபர் 23-ஆம் தேதி விடியுமுன், சுல்தான் அபூபக்கர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று. மறு ஆண்டு நவம்பரில் ரிங்லெட்டிலேயே சேற்று வெள்ளம். இத்தகைய நாட்களில் உதவிக்குப் போகிறவர், முன்கூடம் மட்டும் பார்த்துத் திரும்பும் விருந்தாளி அல்லர். அடுக்களைவரை போகிறார். எந்த வீட்டில் சம்பாதித்தவர் போய்விட்டார், எங்கே வங்கித் தவணை நிற்கிறது, எந்த விதவை வந்த விலைக்கு விற்கத் துணிந்துவிட்டார் என்பதெல்லாம் அவர் காதில் விழுகின்றன. அங்கே கிடைக்கும் நம்பிக்கை அவர் சம்பாத்தியம். அதனால் நாளை வியாபாரம் வந்தால் அது ஹலாலே. காதில் விழுந்த செய்தியோ அமானிதம். அதை ஒரு முதலாளியிடம் கொண்டுபோய்ப் பாதி விலைக்குப் பேசி முடிப்பவரைத் தொண்டர் என்று அழைக்க நாக் கூசுகிறது. அந்த விதவையே கேட்டுக்கொண்டால், மார்க்கெட் விலைக்கு விற்றுக் கொடுக்கலாம். அதுவும் உதவிதான்.

வாங்குகிறவர் பக்கமும் ஒரு கடமை உண்டு. இம்மலையில் பல காய்கறித் தோட்டங்கள் நெடுங்காலமாக டி.ஓ.எல். என்னும் தற்காலிக உரிமத்தில் நடந்துவந்தவை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் அந்தந்த ஆண்டோடு முடிவது; பெயர் மாற்றிக் கொடுக்க முடியாதது. சொந்த நிலம் என்று நம்பிப் பணம் கட்ட வருகிறவரிடம், "பள்ளிவாசலில் நம்மைப் பார்க்கிறீர்களே, பயப்படாதீர்கள்" என்று சொல்லி ரசீது போடுவது எவ்வளவு சுலபம்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் வியாபாரிகளான நமக்குப் புதிதன்று. வீட்டுக்கும் அதே கணக்குத்தான். நான்கு லட்சம் வெள்ளி வீட்டுக்கு 3 சதவீதத் தரகு 12,000 வெள்ளி. வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோட்டை, வெள்ளையடிக்குமுன் வாங்குகிறவருக்குக் காட்டினால் விலை இறங்கும்; பேரமே முறிந்தாலும் முறியும். வேறு ஊர்த் தரகர், எனக்குத் தெரியாதே என்று தப்பித்துக்கொள்ளலாம். இவருக்கு அந்த வழியும் இல்லை. அந்தச் சுவரைத் தேய்த்துக் கழுவியவரே இவர்தானே.