இல்வாழ்வார்க்கு உறைவிடம்

மனைவி மக்களோடு வாழ்வார்க்கு உறையும் ஊர் ஒரு பொருட்டோ, அன்றி எங்கிருப்பினும் ஒக்குமோ என்னும் வினா இக்காலத்துப் பலரை வருத்துகின்றது. சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியை அடுத்த மாங்காட்டில் இதனைக் கண்கூடாகக் காணலாம். நகரத்து வாடகைக்கு ஆற்றாது குழந்தைகளுடன் இங்குக் குடிபுகுவார் ஒருபால். இப்பக்கத்தினின்றும் புறப்பட்டு, அமெரிக்க நாட்டின் நடுமேற்குச் சிறுநகரங்களில் இல்லறம் நடத்துவார் மற்றொருபால். பிள்ளைகளைச் சைவராக வளர்த்தற்கு எவ்விடம் தக்கது என்பதே இருவகையார் கவலையும்.

தனு கரண புவன போகங்கள் வினைக்கீடாக இறைவனாற் கூட்டப்படுவன. ஆகலின் உறைவிடம் ஆராய்தல் வீண் என்பாருமுளர். அற்றன்று. புவனம் வினைவழிப்பட்டதேனும், அப்புவனத்தில் எதனைச் சார்வது என்பதில் உயிரினது இச்சை, ஞானம், கிரியை என்பன செயலற்றுப் போவதில்லை. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது நம் சித்தாந்தத் துணிபு. முதிர்ந்தோர்க்கே அஃது இயல்பாயின், கண்டதைக் கண்டவாறே பற்றும் குழவிக்குச் சொல்லவும் வேண்டுமோ? வினைப்பயன் என்று கைவிடுவாரும் தம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவிடத்து மருத்துவரை நாடாதிருப்பதில்லை.

அற்றேல், திருத்தலத்திற் குடியிருத்தலே அமையும்போலும் எனின், அதுவும் முற்றும் பொருந்தாது. காமாட்சியம்மை மாங்காட்டில் ஐந்தழல் நடுவே ஒற்றைக்காலில் நின்று தவமியற்றிப் பின்னர்க் காஞ்சியில் ஏகம்பநாதரை மணந்தனள் எனத் தலபுராணம் கூறும். இல்வாழ்வின் வாயிலிலேயே தவத்தை நிறுத்திய தலமன்றோ இது! சுக்கிரன் வழிபட்ட வெள்ளீசுவரர் திருக்கோயிலும் இவ்வூரதே. மணமும் மகப்பேறும் வேண்டிப் பிறவூரார் எலுமிச்சங்கனியேந்தி ஆறு வாரம் தவறாது வருகின்றனர். கோயிலுக்கு அடுத்த தெருவிலிருப்பார் சிலரோ, வீட்டிற்கு விருந்தினர் வந்தாலன்றி அப்பக்கம் அடி வைப்பதிலர். அருகிருத்தல் வேறு, சார்ந்திருத்தல் வேறு.

சார்பு யாண்டு உண்டாகின்றது என்பதற்குத் திங்களூர் அப்பூதியடிகள் மனையினும் சிறந்த சான்று யாம் அறியேம். அவர் நாவுக்கரசரைக் கண்ணாற் காணுமுன்னரே தம் மக்கட்கும், தண்ணீர்ப் பந்தர்க்கும், அன்னசாலைக்கும் அவர் திருப்பெயரையே இட்டனர். நாவுக்கரசர் அம்மனைக்கு எழுந்தருளிய நாளில், வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனை அரவு தீண்டியது. அடியவர் அமுதுசெய்தல் தாழ்க்குமே என்று அதனை எவர்க்கும் உரையாது, விடந்தலைக்கேற ஓடிவந்து, குருத்தைத் தாய் கையிற் கொடுத்த பின்னரே அவன் வீழ்ந்தான். இதனை அப்பிள்ளைக்கு எவர் கற்பித்தனர்? அன்று ஒருநாள் கற்பித்ததன்று. நாள்தோறும் அவ்வீட்டிற் கண்டதும் கேட்டதும் அவனுள்ளே அங்ஙனம் விளைந்தன. பதிகத்தால் அவன் உயிர்பெற்றெழுந்தமையை வியப்போர் பலர். வீழுமுன் அவன் செய்ததே எம்மை மிகுதியும் வியப்பிக்கின்றது.

ஊர் பெயர்தலும் இழுக்கன்று. மாங்காட்டிற்கு அணித்தாகிய திருவேற்காட்டில் தோன்றிய மூர்க்க நாயனார், அடியார்க்கு அமுதளிக்கும் பொருள் தம்மூரில் கிட்டாதாகவே பிறவூர்கட்குச் சென்று குடந்தையை அடைந்தார், அமுதளித்தல் நின்றதில்லை. குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் அநபாய சோழனுக்கு அமைச்சராய்ச் சோணாட்டில் இருந்தும், அங்குத் தாம் வழிபட்ட திருநாகேச்சரத்தின் பெயராலேயே பிறந்த ஊரிலும் ஒரு கோயில் எடுப்பித்தார். 1965-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் மாறிய பின் அங்குக் குடியேறிய நம்மவரும் வாளா இருந்தாரல்லர். மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரிலுள்ள விசுவநாதர் ஆலயத்திற்குப் பச்சிம காசி என்றே பெயர்.

கோயில் இல்லாத சிறுநகரத்தார் திருநின்றவூர்ப் பூசலாரைக் காட்டி, மனக்கோயிலே போதும் என்பர். பூசலார் முதலிற் பொருள் தேடி ஊரெங்கும் அலைந்தனர். கிட்டாதாகவே மனத்துள் எடுத்தனர். அதனையும் ஆகம விதி வழுவாது அடிநிலை முதல் சிகரம் வரை எடுத்துக் குடமுழுக்கிற்கு நாளும் குறித்தனர். அந்நாளில் அவர் கோயிலுக்கு எழுந்தருள வேண்டியே, காஞ்சியில் தான் எடுத்த கற்றளியின் குடமுழுக்கைத் தள்ளிவைக்குமாறு இறைவன் பல்லவ வேந்தன் கனவிற் பணித்தான். சோம்பற்கு அவரைத் துணையழைத்தல் தகாது. மேலும், சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரம் ஆலய வழிபாட்டோடு அடியார் இணக்கத்தையும் உடன்வைத்து ஓதுகின்றது. பனி பெய்யும் ஊரில் நான்கு குடும்பங்கள் ஒரு வீட்டிற் கூடித் திருமுறை ஓதுமாயின், அங்குள்ள குழந்தைக்குச் சார்பு உண்டு.

இனி மாங்காட்டார்க்கு வருவோம். 2021-ஆம் ஆண்டில் நகராட்சியான இவ்வூரில் வீடுகள் பெருகின. வேலை பெரும்பாலும் வெளியிலேதான். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதுக்கு மீள்வானுக்கு உறைவிடம் மாங்காடு என்பது பெயரளவே; உண்மையில் அவன் உறைவது பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில். அவன் வருமுன் சாயரட்சை முடிந்துவிடும்; குழந்தையும் கைப்பேசியைப் பற்றியவாறே உறங்கிவிடும். தாயும் பணிக்குச் செல்வாளாயின், அக்குழந்தைக்கு நீறிட்டு ஐந்தெழுத்தைச் சொல்லிக் கொடுப்பார் எவர்? பாட்டன் பாட்டி உள்ள வீடுகள் ஒருவாறு பிழைக்கின்றன. எல்லா வீட்டிலும் அவர் இலர். ஊதியம் குறையினும் அண்மையில் வேலை தேடிக்கொள்ளுதல் தகுமோ என்று அன்பரொருவர் எம்மை வினவினார். அதனால் ஈரறை வீடு ஓரறை வீடாகுமே என்றும் அவரே சொன்னார். ஆயினும் தகும் என்றே விடையிறுத்தோம்.