ஒரு நிறுவனம் கொடுத்த வாக்கு யாருடைய கடன்?

ஒரு கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வாக்குக் கொடுத்தவருக்கு உடம்பு இல்லை, மனசாட்சி இல்லை, சாவும் இல்லை என்றால், அந்த வாக்கை யார் காப்பாற்ற வேண்டும்?

விடுகதை மாதிரி இருக்கலாம். ஆனால் மின்பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிற எனக்கு இது நிஜமான கேள்வி. "படிச்சு முடிச்சிட்டு எங்கே மனு போடப் போறே?" என்று என் வகுப்பில் கேட்டால், பலர் சொல்லும் பதில் தரவு மையம். சிங்கப்பூர் 2019-ல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. மின்சாரமும் நிலமும் அங்கே அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜொகூரில் கூலாய், செடெனாக் பக்கமெல்லாம் கட்டடங்கள் எழும்பத் தொடங்கின. 2024 மே மாதம் மைக்ரோசாப்ட் நிறுவனம் மலேசியாவில் 220 கோடி அமெரிக்க டாலர் முதலீடு செய்வதாக அறிவித்தது. நாளைக்கு நம்மில் சிலர் அங்கே வேலைக்குப் போவோம். அதனால் அந்த நிறுவனம் உலகத்துக்குக் கொடுத்த ஒரு வாக்கைப் பற்றி நாம் யோசிப்பது வீண்வேலை இல்லை.

வாக்கும் கணக்கும்

2020 ஜனவரியில் மைக்ரோசாப்ட் ஒரு பெரிய உறுதிமொழி எடுத்தது. 2030-க்குள் தான் வெளியிடும் கரியமில வாயுவை விட அதிகமாகக் காற்றிலிருந்து நீக்குவோம் என்றது. அதோடு, 1975-ல் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து நேரடியாகவும் மின்சாரப் பயன்பாட்டாலும் வெளியிட்டதை எல்லாம் 2050-க்குள் நீக்கிவிடுவோம் என்றும் சொன்னது. பழைய கடனையும் சேர்த்து அடைக்கிறேன் என்று எந்தப் பெரிய நிறுவனமும் எளிதில் சொல்லாது. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

நான்கு வருடம் கழித்து, 2024-ல், நிறுவனமே வெளியிட்ட அறிக்கை என்ன சொன்னது? மொத்த வெளியீடு 2020-ஐ விட 29.1 விழுக்காடு கூடிவிட்டது. 2025-ல் வந்த அடுத்த அறிக்கையில் அது 23.4 விழுக்காடு. அதே காலத்தில் ஆற்றல் பயன்பாடு 168 விழுக்காடு ஏறியிருக்கும்போது வெளியீடு அவ்வளவு ஏறவில்லையே என்று நிறுவனம் சுட்டிக்காட்டுகிறது. அது நியாயமான வாதம்தான். ஆனாலும் வாக்குக் கொடுத்தது குறைப்பதற்கு, மெதுவாக ஏற்றுவதற்கு அல்ல.

ஏன் கூடியது? இந்தக் கணக்கை மூன்று வட்டமாகப் போடுகிறார்கள். முதல் வட்டம், நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருள். இரண்டாவது, வாங்கும் மின்சாரம். மூன்றாவது மற்ற எல்லாமும்: கட்டடத்துக்கு வந்த இரும்பு, சிமெண்டு, சர்வருக்குள் இருக்கும் சில்லு, பொருள்களை ஏற்றி வந்த லாரி. 2024 அறிக்கையில் முதல் இரண்டும் சேர்ந்து 6.3 விழுக்காடு குறைந்திருக்கிறது, மூன்றாவது 30.9 விழுக்காடு கூடியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காகப் புதிய தரவு மையங்கள் கட்டிக்கொண்டே போனதுதான் முக்கியக் காரணம்.

அந்த "குறைந்தது" என்பதையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வாங்கும் மின்சாரத்தை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். ஒன்று, கட்டடம் நிற்கிற ஊரின் மின்கம்பியில் உண்மையில் என்ன ஓடுகிறதோ அதை வைத்து. தீபகற்ப மலேசியாவில் என்றால் அது பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவும். இன்னொன்று, நிறுவனம் வாங்கிய பசுமை மின்சார ஒப்பந்தங்களையும் சான்றிதழ்களையும் கழித்துவிட்டு. இரண்டு எண்களையும் மைக்ரோசாப்ட் வெளியிடுகிறது, மறைக்கவில்லை. ஆனால் முதல் எண் இரண்டாவதை விடப் பல மடங்கு பெரியது. தலைப்பில் வருவது இரண்டாவது.

நம்ம ஊர்ல பத்துமலைக்கு வேண்டிக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. 'பிள்ளைக்குச் சரியானா பால்குடம் எடுக்கிறேன்'னு வேண்டிக்கிட்ட அம்மா, தானே குடத்தைத் தூக்கிக்கிட்டு 272 படியும் ஏறுவாங்க. வேற ஊரில் யாரோ எடுத்த பால்குடத்துக்குக் காசு கொடுத்து ரசீது வாங்கி வெச்சுக்கிட்டு, 'என் கடன் தீர்ந்தது'ன்னு சொல்ல மாட்டாங்க.

ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடணும். காற்றுக்கு எல்லை கிடையாது. ஒரு டன் புகையை எங்கே குறைத்தாலும் பூமிக்கு ஒன்றுதான். அதனால் நிறுவனம் கொடுத்த பணத்தால் ஒரு புதிய சூரிய மின்நிலையம் எழுந்திருந்தால், அந்தச் சான்றிதழுக்கு உயிர் இருக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிலையத்தின் சான்றிதழை வாங்கியிருந்தால், தாளில் பெயர் மாறியதே தவிர வானத்தில் எதுவும் மாறவில்லை. சான்றிதழைப் பார்த்தவுடன் நாம் கேட்க வேண்டியது இதுதான்: நீங்க காசு கொடுக்காம இருந்திருந்தா இது நடந்திருக்குமா, நடந்திருக்காதா?

"கம்பெனிக்கு ஏதுடா சத்தியம்?"

இதை விடுதியில் பேசிக்கொண்டிருந்தபோது என் அறைத்தோழன் சிரித்தான். "மச்சான், கம்பெனிக்கு ஏதுடா சத்தியம்? லாபம் பார்க்கிறதுதான் அதோட வேலை. நீ ஏன் அதை அரிச்சந்திரன் ஆக்குறே?"

அவன் கிண்டலாகச் சொன்னாலும் இது பெரிய பொருளியலாளர் ஒருவரின் கருத்து. மில்டன் ஃப்ரீட்மன் 1970-ல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: சட்டத்துக்கும் நேர்மையான போட்டிக்கும் உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே ஒரு வணிகத்தின் சமூகப் பொறுப்பு. மேலாளர் செலவழிப்பது பங்குதாரர் பணம். அதை வைத்துத் தர்மம் செய்ய அவர் யார்?

நான் நண்பனுக்குச் சொன்ன பதில் இது. சரி, நிறுவனத்துக்கு மனசாட்சி இல்லைன்னே வெச்சுக்குவோம். ஆனா ஒப்பந்தம் போடும்போதும், நிலம் வாங்கும்போதும், வழக்குப் போடும்போதும் அது ஒரு ஆள் மாதிரித்தானே நடந்துக்குது? தன் வாக்கைக் காட்டி அது நன்மையும் அடையுது. முதலீட்டாளர் நம்புறாங்க, அரசாங்கம் அனுமதி கொடுக்குது, நம்மள மாதிரி மாணவர்கள் 'நல்ல கம்பெனி'ன்னு மனு போடுறோம். வாக்கின் பலனை வாங்கிக்கிட்டவர், பாரம் வரும்போது மட்டும் 'நான் ஆளே இல்லை'ன்னு சொல்லக் கூடாது. கடன் வாங்கும்போது இருந்த முகவரி, திருப்பிக் கேட்கும்போதும் இருக்கணும்.

அந்த முகவரிதான் நிறுவன ஆளுகை. இயக்குநர் வாரியம், தலைமை நிர்வாகி, தணிக்கை, சம்பளக் குழு என்று பாடத்தில் படிக்கும்போது கொட்டாவி வரும். ஆனால் உடம்பில்லாத ஒன்றுக்குள் பொறுப்பான ஒரு மனிதரைக் கண்டுபிடித்துத் தரும் ஏற்பாடு அது. மைக்ரோசாப்ட் இதில் சும்மா இருக்கவில்லை. 2012 முதல் தன் சொந்தப் பிரிவுகளிடமே கார்பனுக்குக் கட்டணம் வசூலிக்கிறது. சுற்றுச்சூழல் இலக்குகளில் முன்னேற்றத்தையும் மேல்மட்ட அதிகாரிகளின் சம்பளத்தில் ஒரு கணக்காக எடுப்போம் என்று 2021-ல் சொன்னது.

இப்போது ஒரு செய்தியைப் பாருங்கள். 2024 நிதியாண்டில் தலைமை நிர்வாகி சத்ய நாதெல்லாவின் மொத்த ஊதியம் ஏறக்குறைய 79 மில்லியன் டாலர். முந்தைய ஆண்டை விட 60 விழுக்காட்டுக்கு மேல் அதிகம், பெரும்பகுதி பங்குகளாக. ஆனால் அதே ஆண்டில், இணையப் பாதுகாப்பில் நடந்த குறைகளுக்காகத் தன் ரொக்க ஊக்கத்தொகையைக் குறைக்கும்படி அவரே வாரியத்திடம் கேட்டார், வாரியமும் குறைத்தது.

எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அவரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. "இது என் பொறுப்பு, என் காசில் பிடியுங்கள்" என்று ஒரு நிறுவனத்தால் சொல்ல முடியும் என்பதற்கு இது சாட்சி. பாதுகாப்புக் குறைக்கு அது முடியும் என்றால், பூமிக்குக் கொடுத்த வாக்குக்கும் முடியும். முடியாதது இல்லை, இன்னும் செய்யாதது.

வேண்டாம் என்று சொன்னது எது?

இதையெல்லாம் படித்து நான் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். ஒரு வாக்கின் எடை அதைச் சொன்ன மேடையில் தெரியாது. அதற்காக எதை வேண்டாம் என்று விட்டார்கள் என்பதில்தான் தெரியும். விரதம் இருக்கேன்னு சொல்லிட்டு, பிடிச்ச எதையும் விடலைன்னா அது விரதமா? கார்பன் வாக்கும் செயற்கை நுண்ணறிவு விரிவாக்கமும் ஒரே வாரியத்தின் முடிவுகள். இரண்டும் மோதும்போது எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதே உண்மையான அறிக்கை.

"நாம யாரு இதைக் கேட்க?" என்று தோன்றலாம். 2019-ல் அமேசான் ஊழியர்கள் கேட்டார்கள். 8,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளிப்படையாகப் பெயர் போட்டு, பருவநிலைத் திட்டம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் தோற்றது. ஆனால் செப்டம்பரில் அவர்கள் வெளிநடப்புச் செய்யவிருந்த நாளுக்கு முந்தின நாள், 2040-க்குள் நிகரப் பூஜ்யம் என்று நிறுவனம் அறிவித்தது. கேட்டதற்கு விலையும் இருந்தது: முன்னின்ற ஊழியர்கள் இருவர் 2020-ல் வேலையிழந்தார்கள். மறு ஆண்டு அந்த வழக்கு சமரசத்தில் முடிந்து, இழந்த சம்பளம் அவர்களுக்குக் கிடைத்தது.

எல்லாரும் வேலையை விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் படிப்புக் கடன் இருக்கிறது, தம்பி தங்கை இருக்கிறார்கள், தெரியும். ஆனால் நேர்காணலின் முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்பார்கள். சம்பளம், விடுமுறை எல்லாம் கேளுங்கள். அதோடு இதையும் கேட்டுப் பாருங்கள்: "இந்தக் கட்டடத்துக்கு வர்ற மின்சாரம் உண்மையில எங்கிருந்து வருது? இலக்கு தவறினா யாருடைய சம்பளம் குறையும்?"

மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதில் தெரியாமல் விழித்தால், அதுவும் நமக்கு ஒரு பதில்தான். அதே கேள்வியைப் பத்து மாணவர்கள், நூறு மாணவர்கள் கேட்டால், அடுத்த முறை பதிலைத் தயார் செய்துகொண்டு வருவார்கள். நிறுவனத்துக்கு உடம்பு இல்லைதான். ஆனால் அதற்குள் வேலை செய்யப் போகிற நமக்கு இருக்கிறது, வாயும் இருக்கிறது.