பெற்றோரும் வளர்த்தோரும்

சிவமயம்

சைவப் பாடசாலைகளிலே கல்வி புகட்டும் ஆசிரியப் பெருமக்காள்!

சிவாலயத் திருச்சுற்றிலே அறுபத்துமூவர் திருவுருவங்களை வணங்கிச் செல்லும் நாம், அவர்களுள் மூவரை ஒருங்கு வைத்துச் சிந்தித்தல் வேண்டும். சுந்தரமூர்த்தி நாயனாரைப் பெற்றவர்கள் சடையனாரும் இசைஞானியாரும் ஆவர். திருநாவலூர்த் தெருவிலே சிறுதேர் உருட்டி விளையாடிய அப்பிள்ளையைக் கண்டு, பேரன்பு கொண்டு, வேண்டிப் பெற்றுத் தம் மகனாக வளர்த்தவர் நரசிங்கமுனையரையர். பெற்ற இருவரும் நாயன்மார், வளர்த்தவரும் நாயனார். திருத்தொண்டத்தொகை பாடியவர் சுந்தரரே. ஆதலின், பெற்றாரையும் வளர்த்தாரையும் அவர் ஒரே தொகையில் வைத்துப் போற்றினாராயிற்று. வளர்ப்பும் பெற்றோர்மையே என்பதற்கு இதனினும் சிறந்த பிரமாணம் வேண்டுமோ?

இவ்வுண்மை மலையகத்து ஆசிரியர்க்கு இன்றியமையாதது. நுவரெலியா, அட்டன் தோட்டங்களிலே குடும்பம் பிரிதல் புதிதன்று. 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. தலைகளை எண்ணினரேயன்றி, பாட்டியையும் பேரனையும் பிணித்த அன்பை எண்ணினாரல்லர். உறவினரைப் பிரித்துச் சென்ற புகைவண்டியை நம் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர்.

இக்காலத்திலோ, தோட்டக் கூலி போதாமையால் தாய்மார் பலர் அரபு நாடுகளுக்கு வீட்டுப்பணி செய்யச் செல்கின்றனர். 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுடையார் அவ்வாறு செல்லலாகாதென 2013இல் விதிக்கப்பட்டது. 2022இல் அவ்வயதெல்லை 2 ஆகக் குறைக்கப்பட்டது. விதி எவ்வாறாயினும், லயத்திலே எஞ்சிய பிள்ளைக்குத் தலைவாரிச் சோறூட்டித் திருநீறிட்டு அனுப்புகின்றவள் அம்மாயியோ அப்பாயியோ ஆவாள். சில இல்லங்களிலே சித்தியோ தமக்கையோ ஆவாள். கொழுந்து பறித்துத் தேய்ந்த அக்கைகள் ஓய்வு பெறவேண்டிய காலத்திலே மீண்டும் தாய்மை தாங்குகின்றன.

அத்தகைய பிள்ளையை, "உன் தாய் எங்கே?" என்று பலர் முன்னிலையில் வினவுதல் தகுமோ? "தாயில்லாப் பிள்ளை" என்று இரங்குதல்தானும் ஒரு காயமே. தாயை இகழ்தலும் தவறு. அவள் பிள்ளையின் பொருட்டே பிரிந்தாள்.

பாட்டி வளர்த்தமையால் பிள்ளைக்கு யாதொரு குறையுமில்லையென்று நாம் சாதிக்கவில்லை. ஏக்கம் உண்டு, அதனாற் சில பிள்ளைகள் வழிதவறுதலும் உண்டு. திலகவதியார் வரலாற்றைக் காண்மின்! பெற்றோரும், மணம் பேசிய கலிப்பகையாரும் மறைந்தபின், உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார் தம்பி வாழவேண்டுமென்றே உயிர் தாங்கினார். அத்தம்பியோ புறச்சமயம் புகுந்தார். சூலைநோயால் வருந்தித் திரும்பியபோது தமக்கையார் பழி கூறினாரல்லர். திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நாவுக்கரசரை நமக்குத் தந்தது அப்பொறுமையன்றோ?

ஆகவே ஆசிரியர்காள்! பெற்றோர் கூட்டத்திற்கு முதியவள் வருவாளாயின், எழுந்து வரவேற்று ஆசனம் அளியுங்கள். எழுத்தறியாதவளாயின், பிள்ளையின் தேர்ச்சியறிக்கையைப் படித்துக் காட்டுங்கள். பிள்ளை தாய்க்குக் கடிதம் எழுத உதவுங்கள். குருபூசை நாளிலே சடையனார், இசைஞானியாரோடு நரசிங்கமுனையரையர் சரித்திரத்தையும் சொல்லுங்கள். அதைக் கேட்கும் பிள்ளை, தன் அம்மாயியின் மடியும் சிவனருள் நிறைந்த இடமே என்று உணர்ந்து தலைநிமிரும். அத்தலைநிமிர்வே நாம் செய்யத்தக்க சிவத்தொண்டு.

திருச்சிற்றம்பலம்.