இல்லாத பாகங்கள்

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் வாழும் என் நண்பர், பரணில் கிடந்த வால்வு ரேடியோ ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் கீழே இறக்கினார். அவருடைய தந்தை வாங்கி, ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திக் கேட்டுவந்த பெட்டி அது. 1939 மே 16-இல் தொடங்கப்பெற்ற திருச்சி வானொலி நிலையம் அந்த வீட்டிற்குள் நுழைந்தது அதன் வழியாகத்தான். ஐந்து வால்வுகளில் இரண்டைக் காணோம். ஒலியைப் பெருக்கும் ஈ.எல்.84, மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்தும் ஈ.இசட்.80. ஒரு குமிழும் பின்பக்கத்து அட்டையும் இல்லை. ஆயினும் பார்வை மங்கிய எண்பத்தைந்து வயதுத் தாய், அதை மீண்டும் கேட்க ஆசைப்பட்டார்.

மலைக்கோட்டைக்கு அருகில் ஒரு கடையில் காட்டினோம். “இந்த வால்வுக்கு எங்கே சார் அலைவது? உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ஒரு சின்ன போர்டு வைத்துத் தருகிறேன். யாருக்கும் தெரியாது” என்றார் பழுதுபார்ப்பவர்.

யாருக்கும் தெரியாது. அந்தச் சொல் எங்கள் இருவரையும் உறுத்தியது. தாய் மகிழ்வார், எவருக்கும் தீங்கில்லை. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடங்கொடுக்கிறார். எத்தகைய நன்மைக்காகவும் பொய் ஆகாது என்றார் புனித அகுஸ்தினார். அவர் சற்றுக் கடுமையானவர் என்றே நான் எண்ணி வந்திருக்கிறேன். ஆனால், இங்கே நன்மை என்பது எது? தாய் கேட்டது வெறும் ஓசையை அன்று; அதற்கு வேறு பெட்டியே போதுமே. கணவர் தொட்ட பெட்டியைக் கேட்டார். அதன் உள்ளுறுப்புகளை அகற்றிவிட்டுக் கூட்டை மட்டும் கொடுத்தால், அவர் கேட்டதை நாம் கொடுத்தவர்கள் ஆவோமா?

திரும்பும்போது பேருந்து ராஜகோபுரத்தருகே நின்றது. பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமல் மொட்டைக் கோபுரமாக நின்றது, 1987-இல்தான் பதின்மூன்று நிலைகளும் 236 அடி உயரமுமாய் நிறைவு பெற்றது. (மொட்டையாக இருந்தபோதும் அதற்கொரு கம்பீரம் இருந்தது, பார்த்தவன் சொல்கிறேன்.) மேற்பகுதி நம் காலத்தது என்பதை யாரும் மறைக்கவில்லை. புதியதைச் சேர்ப்பதில் குற்றமில்லை என்று நண்பர் தெளிந்தது அங்கேதான்.

தேடல் நான்கு மாதம் நீடித்தது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஈ.எல்.84 ஒன்று, முதிய மெக்கானிக் ஒருவரின் தகர டப்பாவில் கிடைத்தது. மற்றதை, செத்துப்போன வேறொரு பெட்டியிலிருந்து எடுத்தோம். அதற்கும் ஒரு வீடு இருந்திருக்கும் என்ற நினைவு இன்றும் எனக்கு உண்டு. காகிதக் கண்டென்சர்கள் மின்கசிவு கண்டிருந்தன. பழைய கூட்டைக் குடைந்து புதியதை உள்ளே ஒளித்து வைப்பது இத்தொழிலில் வழக்கம்; அது அழகுக்காகத்தான், பெரிய பாவமென்று நான் சொல்லமாட்டேன். நண்பரின் மனச்சான்று அதற்கும் இசையவில்லை. புதியவற்றை வெளிப்படையாகவே பொருத்தச் செய்து, மாற்றியவற்றை ஒரு தாளில் எழுதி உட்புறம் ஒட்டினார். தச்சர் ஒருவர் தேக்கில் குமிழ் கடைந்து கொடுத்தார்.

தாயே கையை நீட்டி விசையைத் திருப்பினார். வால்வின் இழை சூடேறும்வரை ஓசை எழாது. ஏறக்குறைய அரை நிமிடம். நாங்கள் பதறினோம். அவர் பதறவில்லை, “கொஞ்சம் பொறுங்கள், வரும்” என்றார். மெல்லிய உறுமலுக்குப் பின் திருச்சி நிலையம் பேசியது. நெடுநேரம் கேட்டிருந்தவரின் விரல்கள் தேக்குக் குமிழைத் தடவின.

“இது நம்முடையது இல்லையேடா?”

“இல்லை அம்மா. புதிது” என்றார் நண்பர்.