நிர்மால்யம் சேர வேண்டிய இடம்



இறைவனுக்குச் சூட்டிக் களைந்த பூவை 'நிர்மால்யம்' என்கிறோம். அதைக் கால் படும் இடத்தில் போடக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தந்த பாடம். அதனால்தான், வாரம் முழுதும் சேர்ந்த பூக்களை பாலிதீன் பையில் கட்டி, கூவம் பாலத்தைக் கடக்கும்போது ஆற்றில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள் பலர். பக்தியோடு செய்வதுதான். ஆனால், அந்தப் பூவுக்கு அது மரியாதையா?

சிவாலயங்களில் நிர்மால்யத்துக்கு உரியவர் சண்டிகேஸ்வரர். அவர் கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர், மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் அமைத்து, பாலால் திருமஞ்சனம் செய்தார். மகிழ்ந்த ஈசன், தான் சூடிய கொன்றை மாலையையே அவருக்குச் சூட்டினார். இக்காட்சியைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் சிற்பமாகத் தரிசிக்கலாம். அந்தப் பெரும்பேறு கிடைத்தது எங்கே? ஓர் ஆற்றங்கரையில்!

கூவமும் அப்படிப்பட்ட ஆறுதான். ஞானசம்பந்தர் பாடிய திருவிற்கோலம் இருக்கும் கூவம் கிராமத்தின் பெயரைத் தாங்கி, திருவேற்காடு வழியே ஓடி, சிந்தாதிரிப்பேட்டையை வளைத்துக்கொண்டு, நேப்பியர் பாலம் அருகே கடலில் கலக்கிறது.

'ஏற்கெனவே சாக்கடை கலக்கும் ஆறு. நம் பூவாலா கெட்டுவிடப் போகிறது?' என்று தோன்றலாம். சாக்கடை என்று நாமே சொல்லும் நீரிலா சுவாமி சூடிய பூவைப் போடுவது? தேங்கிய நீரில் பூ அழுகும்போது, நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் தவிக்கின்றன. பையோ மக்குவதே இல்லை. மழைக்காலத்தில் கால்வாயையும் மதகையும் அடைத்துக்கொண்டு, வெள்ளத்தை நம் தெருவுக்கே திருப்பி அனுப்புகிறது.

கால் படாத இடம் நம் வீட்டிலேயே இருக்கிறது. அடியில் துளையுள்ள ஒரு மண்தொட்டி போதும். நைலான் நூல், ஜரிகையை நீக்கிவிட்டுப் பூக்களைப் போட்டு, மேலே ஒரு பிடி மண் தூவி வாருங்கள். இரண்டு, மூன்று மாதங்களில் நல்ல உரமாகிவிடும். செம்பருத்திக்கோ நந்தியாவட்டைக்கோ இடுங்கள். சுவாமி சூடிய பூ, மீண்டும் பூவாகிச் சுவாமியிடமே சேரும்! சதுர்த்திக்கும், வண்ணம் பூசாத களிமண் பிள்ளையாரை வாங்கி, வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம்.

கலசத்தில் கங்கையையும் காவிரியையும் ஆவாகனம் செய்து வணங்குகிறோம். நம் ஊர் வழியே ஓடும் நதி மட்டும் என்ன பாவம் செய்தது? இந்த வெள்ளிக்கிழமை முதல் அந்தப் பை ஆற்றுக்குப் போக வேண்டாம். சண்டிகேஸ்வரர் திருவருள் உங்கள் இல்லத்தில் நிறையட்டும்!