கத்திக்கும் ஓர் இல்லம்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாள் நம் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு சிறு விபத்து நிகழ்ந்தது. குர்பானி இறைச்சி அரிந்த கத்தியைக் கழுவிச் சன்னல் விளிம்பில் வைத்திருந்தோம். அருகிருந்த பேரீச்சம்பழத் தட்டை எடுக்க ஐந்து வயதுப் பேத்தி எட்டிக் கை நீட்டினாள். கத்தி சரிந்து விரலைக் கிழித்தது. மூன்று தையல்களோடு போயிற்று, அல்ஹம்து லில்லாஹ். காண வந்தோர் யாவரும், "எல்லாம் நஸீபு, எழுதியபடிதானே நடக்கும்!" என்று ஆறுதல் கூறிச் சென்றனர். அவர்கள் கூற்று பொய்யன்று. ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. எழுதியபடி நடந்தது மெய்தான். ஆனால் கத்தியை அங்கே வைத்த கை யாருடையது?

நன்மையும் தீமையும் இறைவன் விதித்தபடியே என்று நம்புவது ஈமானின் கடமைகளுள் ஒன்று. அந்த நம்பிக்கை துன்பம் வந்தபின் உள்ளம் உடையாதிருக்கத் தரப்பட்டது. துன்பம் வருமுன் நாம் காட்டும் அலட்சியத்துக்குத் திரையிடத் தரப்பட்டதன்று. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டலாமா என்று வினவியவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு பொறுப்பை ஒப்படைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் எனத் திர்மிதீ கிரந்தம் அறிவிக்கிறது. உறங்குமுன் விளக்கை அணைக்கவும் பாத்திரங்களை மூடி வைக்கவும் அவர்கள் கட்டளையிட்டதைப் புகாரீயில் காண்கிறோம். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று காரணமும் கூறினார்கள். எலியின் செயலும் விதியில் அடங்கியதே. எனினும் விளக்கை அணைக்கும் கடமை மனிதனுக்கு உரியதாயிற்று.

"பிள்ளை ஏன் கை நீட்டினாள்?" என்று கேட்டவரும் உண்டு. பருவமடையும் வரை குழந்தையைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழி. அவள் ஏட்டில் எழுதப்படாத குற்றம் எவர் ஏட்டிலும் எழுதப்படாமற் போய்விடுமா? நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பரே, நம் பொறுப்பில் உள்ளோரைப்பற்றி விசாரிக்கப்படுவோம் என்றும் அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஃபிக்ஹு நூல்களில் ஒரு சட்டம் உண்டு. தன் சொந்த நிலத்தில் கிணறு தோண்டியவன், அதில் பிறர் தவறி விழுந்தால் ஈடு செலுத்த வேண்டியதில்லை. பொதுவழியில் அனுமதியின்றித் தோண்டியவனோ செலுத்தியே ஆகவேண்டும். அவன் எவரையும் தள்ளவில்லை. பலர் நடக்கும் இடத்தில் ஆபத்தைத் திறந்து வைத்தான், அவ்வளவே. சிறு பிள்ளைகள் ஓடியாடும் அடுப்பங்கரையும் ஒரு பொதுவழிதான் என்று அன்றிரவு நமக்குப் பட்டது.

திருமறையில் கத்தியைக் குறிக்கும் 'ஸிக்கீன்' எனும் சொல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. யூஸுஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனம் அது. விருந்துக்கு வந்த பெண்கள் கையில் கத்தி இருந்தது. யூஸுஃப் (அலை) அவர்களின் அழகில் கண் சென்றது. கனியிருக்கக் கையை அறுத்துக்கொண்டனர். கூரிய பொருளுக்கு அருகே கவனம் சிதறினால் நேர்வது என்ன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அச்சொல்லின் வேர் ஸீன், காஃப், நூன் எனும் மூன்றெழுத்து. அமைதி கொள்ளுதல் என்பது அதன் பொருள். வாழிடத்தைக் குறிக்கும் 'மஸ்கன்' என்பதும், உள்ளத்து அமைதியைக் குறிக்கும் 'ஸகீனத்' என்பதும் இவ்வேரில் கிளைத்தவையே. அறுக்கப்படும் பிராணியின் அசைவை ஓயச் செய்வதால் கத்திக்கு இப்பெயர் வந்தது என இமாம் ராகிப் இஸ்பஹானீ விளக்கம் தருகிறார். அவ்விளக்கத்தைப் பாடம் நடத்துகையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். பிறவற்றை ஓயச் செய்யும் கத்தி தானும் ஓய்ந்திருக்க ஒரு மஸ்கன் வேண்டாமா என்று எண்ணியதில்லை. பேத்தியின் விரல்தான் எண்ண வைத்தது.

ஆகவே ஒரு கத்திக் கட்டை செய்யத் துணிந்தோம். வீட்டுப் பின்கட்டில் பழைய தேக்குக் கதவு ஒன்று கிடந்தது. பல்லாண்டு காய்ந்த மரம் இனி வளையாது என்று, ஸ்ரீமுஷ்ணத்தில் நம் தெருவிலுள்ள ஆசாரியார் சோதித்துச் சொன்னார். வழிகாட்டியவர் அவர்; இழைப்புளி பிடித்தது நாம். தடித்த கட்டையில் ஆழமாகத் துளையிட முயன்றால் உளி கோணும். எனவே பலகைகளை அறுத்து, ஒவ்வொன்றின் முகத்திலும் பள்ளம் செதுக்கி, பின்னர் அவற்றை அடுக்கி ஒட்டுவதே முறை என்றார். பள்ளம் கத்தியின் முதுகைவிடச் சற்றே அகலமாகவும், அலகைவிடச் சற்றே நீளமாகவும் இருக்கவேண்டும். கூர்முனை மரத்தில் உராயாதவாறு முதுகு கீழாகச் செருகவேண்டும். நீர் தங்கினால் துருவும் பூஞ்சையும் பிடிக்குமாதலால், பள்ளத்தின் அடிப்பக்கம் திறந்திருக்கவேண்டும். கத்தியைத் துடைத்தே வைக்கவேண்டும். கட்டை கவிழாதிருக்க அடிப்பலகை அகன்றிருக்கவேண்டும்.

பள்ளங்களை ஒருவாறு செதுக்கி முடித்து ஒட்ட முனைந்தோம். ஆசாரியார் ஒரு பலகையை வாங்கி விரலால் தடவிப் பார்த்து, "உள்ளே பிசிறு நிற்கிறதே, ஐயா!" என்றார். "ஒட்டிய பின் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று நம் வாயிலிருந்து சொல் வந்துவிட்டது. அவர் மறுமொழி கூறவில்லை. பலகையைத் திருப்பித் தந்தார், அவ்வளவுதான். இறைவனைக் காண்பதுபோல் வணங்கு, நீ அவனைக் காணாவிடினும் அவன் உன்னைக் காண்கிறான் என்னும் இஹ்ஸானின் இலக்கணத்தை எத்தனை மாணவர்க்கு ஓதிக் கொடுத்திருப்போம்! அந்தப் பாடத்தை ஓர் ஆசாரியாரின் மௌனம் நமக்கே திருப்பி ஓதிக் காட்டிற்று. தாவூது (அலை) அவர்களுக்கு இரும்பை மெதுவாக்கித் தந்த இறைவன், போர்க்கவசத்தின் வளையங்களை அளவறிந்து கோக்குமாறு ஏவியதும் அப்போது நினைவுக்கு வந்தது. பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்வோரும் இதை அறிவர். மண்ணுக்குள் மறைந்த குறையை மேற்பூச்சு மூடிவிடும்; ஆயினும் சூளை அதை வெளிப்படுத்திவிடும். நாம் மறுபடியும் உட்கார்ந்து பள்ளங்களைத் தேய்த்தோம்.

கத்தியை அடக்கி வைப்பதென்றால் அதை மழுக்கி வைப்பதன்று. எல்லாவற்றிலும் இஹ்ஸானை விதியாக்கிய இறைவன், அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணியின் வேதனையைக் குறைக்கவும் ஏவினான் என்பது, இமாம் நவவீயின் நாற்பது ஹதீது தொகுப்பில் 17-ஆவது ஹதீதின் கருத்து. உருவிய வாளை ஒருவர் மற்றவர்க்கு நீட்டுவது தடுக்கப்பட்டதும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. கூர்மையும் வேண்டும், கூர்மைக்கு உறையும் வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரு பெண்கள் வழக்காடியபோது சுலைமான் (அலை) அவர்கள் கத்தி கொண்டுவரச் சொன்ன வரலாறு யாவரும் அறிந்ததே. அக்கத்தி வந்தது, பாயவில்லை. அதைக் கண்டு பதறிய தாயுள்ளம் உண்மையைச் சொல்லிற்று.

இரும்பைவிட மெல்லியதாயினும் கூரியது நாவு. பல், இதழ் என்று இரண்டு கதவுகளை இறைவனே அமைத்திருக்க, நாம்தான் அவற்றைத் திறந்து போடுகிறோம். மாசிமகத்தின்போது நம் ஊர்ப் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குச் செல்வதும், அங்குள்ள தர்காவின் சார்பில் முஸ்லிம்கள் மரியாதை செய்து வரவேற்பதும் நெடுநாள் வழக்கம். இத்தகைய நல்லுறவு ஒரு தீச்சொல்லால் அறுபடக்கூடியது. அறுபடாமல் நிற்பது, சொல்லைக் காத்துவைத்த முன்னோரால். 'நாம் யாரையும் வெட்டவில்லையே, சொல்லை வைத்துவிட்டு வந்தோம், அவ்வளவுதானே' என்று அங்கும் நாம் தப்ப முடியாது.

கட்டை இப்போது அடுப்பங்கரை மேடையின் உட்புறத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. பேத்தி விரல் தழும்பைக் காட்டி, "நன்னா, இந்தக் கத்தி இப்ப தூங்குதா?" என்று கேட்கிறாள். "ஆமாம் கண்ணே, அதற்கும் வீடு கட்டியாயிற்று" என்கிறோம். அதை முன்னரே கட்டாத குற்றத்தை அவள் மன்னித்துவிட்டாள். அதுபற்றி நம்மை விசாரிக்கவிருப்பவனும் மன்னித்து, நம் கைக்கும் நாவுக்கும் காவல் அருள்வானாக! ஆமீன்.