எப்பக்கமும் சேராத சினம்

இளையோர் சினங்கொள்வது புதுமையன்று. மூத்தோர் வகுத்த ஒழுங்கை எதிர்த்துக் குரல் எழுப்பாத இளைய தலைமுறை எந்நாட்டிலும் இருந்ததில்லை. ஆயினும், ஊரே இரண்டாகப் பிளந்து நின்று, இரு தரப்பும் அந்தச் சினத்தைத் தத்தமக்கே உரிமையாகக் கேட்கும்போது, அதனை எவருக்கும் தர மறுக்கும் இளைஞனை எவ்வாறு மதிப்பிடுவது? அவன் துணிந்தவனா? பொறுப்பைத் தட்டிக் கழித்தவனா? இவ்வினாவை ஆராய்வதற்கு, 1970களின் பிற்பகுதியில் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்டில் எழுந்த பங்க் இசை தக்கதொரு சான்றாகும்.

1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வட அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்தே நின்றது. அங்கு வாழ்ந்த புராட்டஸ்டண்டு மக்களுள் பெரும்பாலோர் அவ்விணைப்பு நீடிக்க வேண்டுமென்றனர். கத்தோலிக்க மக்களுள் பெரும்பாலோர் அயர்லாந்து ஒன்றாக வேண்டுமென்றனர். வேலையிலும் வீட்டு வசதியிலும் கத்தோலிக்கர் கண்ட பாகுபாடு 1960களின் இறுதியில் போராட்டமாக வெடித்தது. 1969இல் பிரிட்டிஷ் படை தெருவில் இறங்கியது. கத்தோலிக்கர் வாழ்ந்த ஃபால்ஸ் சாலைப் பகுதிக்கும் புராட்டஸ்டண்டு மக்கள் வாழ்ந்த ஷாங்கில் சாலைப் பகுதிக்கும் இடையே தடுப்புச் சுவர் எழுந்தது. அச்சுவருக்கு வழங்கிய பெயர் 'அமைதிக் கோடு' என்பதாகும். 1998இல் அமைதி உடன்படிக்கை ஏற்படும்வரை ஏறத்தாழ 3,500 பேர் மாண்டனர்.

அந்நகரில் ஒருவனுடைய பெயர், அவன் படித்த பள்ளி, குடியிருக்கும் தெரு ஆகிய மூன்றும் தெரிந்தால் அவன் எத்தரப்பினன் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். இம்மூன்றில் ஒன்றையும் அவன் தேர்ந்தெடுத்ததில்லை. பகலில் கடைத்தெருவுக்குள் நுழைவோர் இரும்பு வாயில்களில் சோதிக்கப்பட்டனர்; இருட்டிய பின் நகர மையம் ஆளரவமற்றுக் கிடந்தது. இசைக்கும் அங்கே பாதுகாப்பில்லை. 1975 ஜூலை 31ஆம் நாள், நிகழ்ச்சி முடித்து டப்ளினுக்குத் திரும்பிய மியாமி ஷோபேண்ட் என்னும் குழுவினரைப் படைவீரர் உடையணிந்த ஆயுதக் குழுவினர் வழிமறித்தனர், மூவர் கொல்லப்பட்டனர். அக்குழுவில் இரு சமயத்தாரும் இருந்தனர். அதன்பின் வெளியூர்க் கலைஞர் பலர் அங்கு வர அஞ்சினர்.

இத்தகைய ஊருக்குள்தான் பங்க் நுழைந்தது. 1976இல் இலண்டனில் புகழ்பெற்ற இவ்விசைக்கு நெடிய பயிற்சி தேவையில்லை. கித்தாரில் இரண்டு மூன்று கூட்டொலிகளை மீட்டத் தெரிந்தவர் மேடையேறலாம். கிழிந்த சட்டை, ஊக்கு, சாயம் பூசிச் சிலிர்த்த தலைமுடி ஆகியவை அதன் அடையாளங்கள். 1977 அக்டோபர் 20ஆம் நாள் பெல்பாஸ்டின் அல்ஸ்டர் மண்டபத்தில் நடைபெறவிருந்த கிளாஷ் குழுவின் நிகழ்ச்சி, காப்பீடு மறுக்கப்பட்டதால் கைவிடப்பட்டது. ஏமாற்றமுற்ற இளைஞர் தெருவில் திரண்டு காவலரோடு மோதினர். தெருக்கலவரம் அந்நகருக்குப் பழகிய ஒன்று. இரு சமயத்து இளைஞரும் ஒரே பக்கம் நின்றதுதான் அன்று புதுமை.

கிரேட் விக்டோரியா தெருவில் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்னும் இசைத்தட்டுக் கடையை நடத்திய டெர்ரி ஹூலி, 1978இல் அதே பெயரில் இசைத்தட்டு வெளியிடவும் தொடங்கினார். அதே ஆண்டு முதல் ஹில் தெருவிலிருந்த ஹார்ப் பார் என்னும் மதுக்கூடம் பங்க் குழுக்களுக்கு மேடையாயிற்று. அங்கே வந்தவரிடம் எப்பள்ளியில் படித்தாய் என்று கேட்பாரில்லை. பெயரும் பள்ளியும் தெருவும் பிறப்பால் வந்த அடையாளங்கள். ஊக்கும் சாயமும் தாமே தேர்ந்துகொண்டவை. வேறு ஊர்களில் வெறும் அலங்காரமாக நின்றுவிட்ட அக்கோலம், பெல்பாஸ்டில் ஓர் அறத்தேர்வாக மாறியது. அக்கோலத்தோடு வீடு திரும்பிய இளைஞர், தம் தெருவிலேயே ஏளனத்தையும் அடியையும் எதிர்நோக்க வேண்டியிருந்தது.

இவர்கள்மீது ஒரு கடுமையான குற்றச்சாட்டு உண்டு. பாகுபாடு உண்மையாக இருந்த நாட்டில், பக்கம் சேராதிருப்பது வலியவனுக்குத் துணைபோவதாகாதா? வள்ளுவர் 'நடுவு நிலைமை'க்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அவர் போற்றியது நீதி தவறாத நிலையையே, கண்மூடி விலகி நிற்பதை அன்று. ஆகவே பக்கம் சேராமையிலும் இருவகை உண்டு. அநீதியைக் காண மறுப்பது ஒன்று. அநீதியைக் கண்டும், அதற்கு மருந்தென நீட்டப்படும் துப்பாக்கியை ஏற்க மறுப்பது மற்றொன்று. முன்னது கோழைமை, பின்னதற்கே துணிவு வேண்டும்.

இவ்வளவுகோலால் இரு குழுக்களை எடைபோடலாம். பெல்பாஸ்டின் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ், தாம் வாழ்ந்த கலவரத்தையே பாடுபொருளாக்கி, இளைஞரைப் பலிகொடுத்த இரு தரப்பையும் சாடியது. பிறர் துயரை விலைக்கு விற்பதாக அதன்மீது பழி எழுந்தது. டெரி நகரத்து அண்டர்டோன்ஸ் குழுவோ, 1978இல் ஹூலியின் நிறுவனம் வெளியிட்ட 'டீனேஜ் கிக்ஸ்' பாடலில் விடலைப் பருவக் காதலையே பாடியது. 1972 ஜனவரி 30ஆம் நாள் பிரிட்டிஷ் படையினர் 13 பேரைச் சுட்டுக் கொன்ற ஊரில் காதற்பாட்டா என்று கேட்டோர் உண்டு. ஆனால், போர் முதலில் பறித்துக்கொள்வது இளமையின் இயல்பான வாழ்வையே. அதனை மீட்டுக் கேட்பதும் போரை மறுக்கும் வழியே ஆகும். ஒரு குழு கண்டதைச் சொன்னது. மற்றது இழந்ததைக் கேட்டது. இரண்டும் வெறுப்புக்கு ஆள் சேர்க்கவில்லை.

எனினும் பாட்டின் எல்லையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பங்க் ஒரு கூடத்தைத் திறந்தது. நகரத்தைத் திறக்க அதனால் இயலவில்லை. ஹார்ப் பாரில் ஒன்றாக ஆடியவர்கள் இரவில் வெவ்வேறு சுவர்களுக்குப் பின்னே திரும்பினர். மறுப்பு தொடக்கமே, அதன்மேல் கட்டி எழுப்பப் பொறுமையான வேறு கைகள் வேண்டும். 1981இல் இரு சமயத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் லாகன் கல்லூரி என்னும் பள்ளி 28 மாணவரோடு பெல்பாஸ்டில் தொடங்கப்பட்டது. அது பெற்றோர் முயற்சியால் எழுந்தது. மேடையில் சில மணி நேரம் நிகழ்ந்த கலப்பை, அப்பள்ளி அன்றாட வாழ்க்கையாக்க முயன்றது. இன்றும் வட அயர்லாந்தின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் தனித்தனிப் பள்ளிகளிலேயே பயில்கின்றனர். 2023க்குள் எல்லாத் தடுப்புச் சுவர்களையும் அகற்ற 2013இல் அரசு வகுத்த திட்டமும் நிறைவேறவில்லை.

ஆசிரியர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? மாணவனின் சினத்தைக் கண்டவுடன் அதனை அடக்க முற்படுவது எளிது. ஆனால் அடக்கப்பட்ட சினம் அழிவதில்லை. அதனை விலைபேச எவரேனும் தெருமுனையில் காத்திருப்பர். அவன் சினத்துக்குரிய காரணத்தை அவனே ஆராய்ந்தறியவும், அதனை எவர் கையிலும் ஆயுதமாகக் கொடுக்காமல் தானே பொறுப்பேற்று நடத்தவும் கற்பித்தலே கல்வி. பெல்பாஸ்டின் ஊக்கணிந்த இளைஞர் அப்பாடத்தின் முதற்பகுதியைப் பள்ளியின் துணையின்றியே கற்றனர். எஞ்சிய பகுதியைக் கற்பிக்கும் கடமை அவர்களைப் பிரித்து வைத்த பெரியோர்க்கு உரியது.